சுவர் குடித்த பனங்கட்டி

தேத்தண்ணியோடு கடித்துக்கொள்ள வீட்டில் ஒரு துண்டு பனங்கட்டி இல்லை. இருந்ததெல்லாம் தபால் கந்தோர்ச் சுவருக்குள் போய்விட்டது. சொன்னால் ஆட்கள் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் வீட்டுக்காரர் ஆனந்தராசா, திருகோணமலைத் துறைமுகத்தடிக் கந்தோரில் போஸ்ட்மாஸ்டர். கந்தோரின் பின்பக்க அறைகளில்தான் எங்கள் குடித்தனம். ஒல்லாந்தர் காலத்தில் கறுவாப்பட்டை அடுக்கி வைக்கக் கட்டிய கட்டிடமாம்; பிறகு இங்கிலீசுக்காரன் வந்து கடுதாசி அடுக்கினான். எல்லாம் கடலில் எடுத்த முருகைக்கல் சுவர். எங்கள் மகள் இலட்சுமி யன்னல் திட்டில் ஏறிக் குறுக்காகப் படுப்பாள், அவ்வளவு தடிப்பு. யார் வந்தாலும் இவர் முதலில் சுவரைத்தான் காட்டுவார். கலியாணம் முடித்து என்னைக் கூட்டிக்கொண்டு வந்த அன்றும், சமைக்கிற குசினியைக் காட்டுமுன் சுவரைக் காட்டினார்.

சித்திரை வருடப்பிறப்பு நெருங்கியிருந்த நேரம் யப்பான்காரன் துறைமுகத்தில் குண்டு போட்டான். கந்தோரில் ஒன்றும் விழவில்லை. ஆனால் அதிர்ச்சியில் கடற்பக்கச் சுவர் மேலிருந்து கீழ்வரை வெடித்துவிட்டது. ஊர்ச்சனம் மூட்டை முடிச்சோடு வள்ளமேறி அக்கரையில் கட்டைபறிச்சானுக்கும் அதற்கு அப்பாலும் ஓடியது. ஈச்சிலம்பற்றில் என் அம்மா வீடு இருக்கிறது, நாங்களும் போவோம் என்று கெஞ்சினேன்.

"வெடிச்ச சுவரை விட்டிட்டு எங்கயப்பா போறது?" என்றார். பெண்சாதி பிள்ளையை விட்டு எங்கே போவது என்று கேட்டிருந்தாலாவது மனம் ஆறியிருக்கும்.

பிறகு கட்டிட ஓவசியர் வந்தார். வெடிப்புக்குள் கையை விட்டுப் பார்த்தார்.

"மாரிக்கு முன்னம் இதை அடைக்காட்டி முழுக்க இடிக்கத்தான் வேணும், மாஸ்டர். கந்தோரைத் தகரக் கொட்டிலுக்கு மாத்துவம். சீமெந்து மட்டும் கேட்காதையுங்கோ, உள்ளதெல்லாம் பட்டாளத்துக்கு."

அன்று இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். திடீரென்று நிமிர்ந்து, "ஒல்லாந்தன் சீமெந்திலயோ கட்டினவன்? சுண்ணாம்பும் பனங்கட்டியும்தானே!" என்றார்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். யாழ்ப்பாணத்திலிருந்து பனங்கட்டி வருவது நின்றுவிட்டது. சீனியோ கூப்பனுக்குத்தான், அதுவும் உள்ளங்கை நனையாத அளவு. ஊரெல்லாம் வெறுந்தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்க, இந்த மனிசன் சுவருக்கு இனிப்புக் கொடுக்கப் போகிறாராம்.

கொடுத்தார். கடைகளில் மிஞ்சிக் கிடந்த பனங்கட்டியை வாங்கி, மேசன் மூத்ததம்பியைக் கூப்பிட்டு, முற்றத்தில் குழி வெட்டி, சுண்ணாம்பையும் மணலையும் கொட்டிப் பனங்கட்டித் தண்ணீரும் கடுக்காய்த் தண்ணீரும் விட்டு, நாட்கணக்காக இடிக்க வைத்தார். என் அலுமாரியில் தீபாவளிக்கென்று பொத்தி வைத்திருந்த பனங்கட்டிக் குட்டானும் அதற்குள் போனது. வீடு முழுக்கப் பாகு காய்ச்சும் வாசம். எறும்பு சாரை சாரையாக வந்தது.

எறும்பு வந்தால் பிள்ளை வராதா? நான் கிணற்றடியில் இருந்த நேரம் இலட்சுமி குழிக்குள் விரலை விட்டு நக்கிவிட்டாள். சுண்ணாம்பில் நாக்கும் உதடும் வெந்துபோயின. கத்தவும் முடியாமல் வாயைத் திறந்துகொண்டு ஓடி வந்தாள். வாயைக் கழுவி, தேங்காயெண்ணெய் தடவி, மடியில் போட்டுக்கொண்டு, வாயில் வந்தபடி இவரை ஏசினேன்.

"அந்தச் சுவரையே கட்டிக்கொண்டு அழுங்கோ! நான் பிள்ளையோட போறன்!"

இவர் பிள்ளையின் காலைப் பிடித்தபடி இருந்தார். பிறகு எழுந்து போய்க் குழியைத் தகரத்தால் மூடினார். மறுநாள் விடிந்ததும் வள்ளமேறிக் கட்டைபறிச்சானுக்குப் போனார். எதற்கு? ஓடிப்போன சனத்திடம் இன்னும் பனங்கட்டி கேட்க!

அங்கே வாசலுக்கு வாசல் ஏச்சுத்தான் வாங்கினார். கொடுத்தது சித்தி பரீதா என்ற முஸ்லிம் அம்மா மட்டும். அவவின் மகன் கப்பலில் வேலைக்குப் போய் எந்தக் கடலில் இருக்கிறான் என்று தெரியாது. பனங்கட்டி ஓலைப்பெட்டியோடு அவவும் இவருடன் வள்ளத்தில் வந்து இறங்கினா.

"எண்ட மகனுக்கு இந்தக் கந்தோர்தான் தெரியும், தம்பி. இடிச்சுப்போட்டா அவன்ட கடுதாசி எங்கே போய் நிக்கும்?" என்று சுவரைத் தடவிப் பார்த்தா.

கந்தோர் எங்கே மாறினாலும் கடுதாசி வரும் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். அம்மா வீட்டுக்கும் போகவில்லை. பெட்டிப் பனங்கட்டியும் முடிந்தபோது, எங்கள் கூப்பன் சீனியை நானே எடுத்துக் கொடுத்தேன். இவ்வளவும் கொட்டிய பிறகு அரைகுறையாக விட்டால் எல்லாமே வீண்தானே என்ற எரிச்சலில் கொடுத்தது.

வெடிப்பு அடைபட்டது. மாரி கொட்டியது. ஒரு பொட்டு ஈரம் உள்ளே வரவில்லை. ஓவசியர் சுவரைத் தட்டிப் பார்த்து, "கருங்கல் மாதிரி இருக்கு, மாஸ்டர்" என்றார். இவருக்குத் தரையில் கால் பாவவில்லை. எனக்கும் உள்ளுக்குள் ஒரு பெருமைதான், காட்டிக்கொள்ளவில்லை.

அடுத்த கிழமை அதே ஓவசியர் ஒரு வெள்ளைக்காரப் பட்டாள அதிகாரியோடு வந்தார். அதிகாரி கூரையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், நிலத்தைப் பார்த்தார், தலையாட்டிவிட்டுப் போனார்.

"துறைமுகத்தடியில பட்டாளத்துக்கு வேற ஒழுகாத கட்டிடம் கிடைக்கேல்ல," என்று ஓவசியர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "சாமான் களஞ்சியத்துக்கு எடுக்கினம். நீங்கள் தகரக் கொட்டிலுக்குப் போகவேணும்."

"வெடிச்சபடி கிடந்திருந்தால்?" என்று நான் கேட்டேன்.

"திரும்பியும் பார்த்திருக்கமாட்டினம், அக்கா."

வெடித்திருந்தால் இடிப்பார்களாம், அடைத்தால் பறிப்பார்களாம். இவரைப் பார்த்தேன். ஏசவேண்டும் போல இருந்தது. அவரோ அதற்குள் கடுதாசிச் சாக்குகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வண்டியில் வைத்துக்கொண்டிருந்தார்.

தகரக் கொட்டிலுக்குப் போன சில நாளில் ஒரு மழைப் பின்னேரம், கந்தோர்ப் பக்கம் டங், டங் என்று சத்தம் கேட்டது. இலட்சுமியை இழுத்துக்கொண்டு ஓடினேன். லொறியிலிருந்து சாமான் இறக்க வாசல் வேண்டுமாம். கடற்பக்கச் சுவரில், நாங்கள் அடைத்த அதே இடத்தில், இரண்டு பட்டாளத்துச் சோல்தாதுகள் இரும்பு அலவாங்கால் குத்தி இடித்துக்கொண்டிருந்தார்கள். லேசில் விடுகிற சுவரா? குத்தக் குத்தப் பொறிதான் பறந்தது. வியர்த்துக் களைத்து அவர்களும் ஏதோ ஏசினார்கள்.

என்னால் பொறுக்க முடியவில்லை. குறுக்கே போய்ச் சுவரில் முதுகைக் கொடுத்து நின்றேன்.

"இடிக்காதையுங்கோ! இது என்ர பிள்ளை குடியாத சீனி! சுகர்! சுகர்!" என்று கத்தினேன். எனக்குத் தெரிந்த இங்கிலீசு அவ்வளவுதான். சுவரையும் காட்டினேன், பிள்ளையின் வாயையும் காட்டினேன்.

சோல்தாதுகளில் இளையவன் அலவாங்கைக் கீழே வைத்தான். மழையில் நனைந்து நின்ற இலட்சுமியைப் பார்த்தான். முகம் இளகியது. விளங்கிவிட்டது என்று நினைத்தேன். உள்ளே போய், ஒரு தகரப்பேணி நிறையச் சீனி கொண்டுவந்து பிள்ளையின் கையில் கொடுத்தான். கன்னத்தில் தட்டினான். என்னைத் தோளில் பிடித்து மெதுவாக, மரியாதையாக, அப்பால் நகர்த்தினான். பிறகு அலவாங்கை எடுத்தான்.

கொட்டிலுக்குத் திரும்பித் தேத்தண்ணி போட்டேன். தகரத்தில் மழை அடித்தது. இவர் சாக்குகளின்மேல் படங்கு போட்டு மூடிவிட்டு வந்து ஒரு வாய் குடித்தார்.

"சீனி எங்காலயப்பா?"

"கந்தோரில இருந்து."

கோப்பையைக் கீழே வைத்தார். மீண்டும் தொடவில்லை. இலட்சுமி தன்னுடையதைக் குடித்து முடித்து, இன்னும் கேட்டாள். அவருடையதை எடுத்து அவளுக்குக் கொடுத்தேன்.