நாளைக்கழிச்சுக் கேட்கிறவன்

1

ஒளிப்பானேன், இந்தக் கதை அகராதியில் பிறந்தது. 'பெரெண்டினேட்' என்று ஆங்கிலத்தில் ஒரு சொல். இங்கிலாந்துக்காரர்களே மறந்துபோன சொல். ஒரு வேலையை நாளை மறுநாளுக்குத் தள்ளிவைப்பது என்று பொருள். லத்தீனில் 'பெரெண்டியே' என்றால் நாளை மறுநாள். அதன் வாலில் இருக்கும் 'டியே'தான் நாள். நாளைக்குத் தள்ளுவதற்கு ஒரு சொல், நாளை மறுநாளுக்குத் தள்ள வேறொரு சொல்! சோம்பலில்கூட என்ன ஒழுங்கு பாருங்கள். சொல் கிடைத்துவிட்டது. ஆளைத் தேடிச் சங்கரன்கோவிலுக்கு வந்தேன்.

2

விசைத்தறிக் கூடத்தின் ஜன்னல் வழியே காலை வெயில்...

(வேண்டாம். வெயிலில் தொடங்கினால் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள்.)

தங்கப்பழம் தறி ஓட்டுகிறான். வயது முப்பத்து நான்கு. அதே கூடத்தில் நூல் சுற்றுகிற மாரிசெல்வியைக் கட்டிக்கொள்ள அவனுக்கு உயிர் போகிற ஆசை. அவளுக்கும் சம்மதம்தான், இவன் அவள் வீட்டுக்கு வந்து பெண் கேட்க வேண்டும், அவ்வளவே. ஆனால் காலண்டரைக் கேட்காமல் இவன் தும்மக்கூட மாட்டான்.

"ஏலே, அவ அப்பாகிட்ட இன்னைக்காவது கேளுலே. வாசுதேவநல்லூர்ல மாப்பிள்ளை பாக்காவ" என்றான் பக்கத்துத் தறி காசி.

"இன்னைக்கு அஷ்டமி. நாளைக்கு நவமி. நாளைக்கழிச்சுக் கேக்கேன்."

3

இவனை நம்பி எப்படிக் கதை எழுத? அவன் பெயரை அடித்துவிட்டுக் காசியை நாயகனாக்கப் பார்த்தேன். காசிக்கு மூன்று பிள்ளைகள். மறுபடியும் தங்கப்பழமே.

தசமி வந்தது. தலைக்குக் குளித்து, வேட்டி மடிப்புக் கலையாமல், நல்ல நேரத்தில் அவள் தெருவுக்குள் நுழைந்தான். வாசலில் ஒரு வேன். வாசுதேவநல்லூர்க்காரர்கள் தாம்பூலத் தட்டோடு இறங்கிக்கொண்டிருந்தார்கள். அட கிறுக்கா! அஷ்டமியும் நவமியும் அவர்களுக்கும்தானே கழிந்திருக்கும்?

4

முதல் முடிவு: அவன் திரும்பிப் போகிறான். (எழுதினேன். அழுகை வந்தது. கிழித்தேன்.)

இரண்டாவது: வேன் வழியிலேயே பஞ்சராகி... (சீ.)

மாரிசெல்வி பட்டுச்சேலையோடு படியிறங்கி அவன் எதிரே வந்து நின்றாள். தெருவே பார்த்தது.

"இன்னைக்கு நல்ல நாளுதான். நல்ல நேரம் முடிய இன்னும் பத்து நிமிஷம் கெடக்கு. எங்கப்பா உள்ளதான் இருக்காவ. வாறியளா, போறியளா?"

தங்கப்பழம் வாயைத் திறந்தான்.

அவனுக்கென்று ஒரு வசனம் எழுதி வைத்திருக்கிறேன், அருமையான வசனம். தர மாட்டேன். இத்தனை நாள் அவனுக்காகக் காலண்டர் பேசியது. இன்றைக்கு நானும் பேசிவிட்டால் அவள் யாரைக் கட்டிக்கொள்வாள்? அந்த வாயிலிருந்து என்ன வரும் என்று தெரிந்தால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். சீக்கிரம், உள்ளே அவளைக் கூப்பிடுகிறார்கள்.