ஒடுக்கு விழுந்த அண்டா

அம்சவள்ளியின் பித்தளை அண்டாவைப் பற்றி அந்த ஊரில் கருத்துச் சொல்லாதவர்கள் இல்லை. "பழசப் போட்டுட்டு எவர்சில்வர்ல ரெண்டா வாங்கிக்க" என்றாள் அவளைப் பெற்றவள். ஒடுக்கு எடுத்து ஈயம் பூசினால் ஒரு தலைமுறைக்குத் தாங்கும் என்றனர் அக்கம்பக்கத்துப் பெண்கள். மறியல் நடத்திய சங்கத்து அரங்கநாதனோ ஒடுக்கோடு அப்படியே கொடுத்துவிடச் சொன்னான். நினைவு நாளில் மாலை போட்டு வைக்க அதைவிட நல்ல பொருள் எது?

அம்சவள்ளிக்கு வேண்டியது ஒன்றுதான். அது மறுபடியும் வெறும் அண்டாவாக வேண்டும். அதைப் பார்க்கிற எவரும், இறந்துபோன அவள் கணவன் ஏன் அதை எடுக்கத் திரும்பி ஓடினான் என்று கேட்கக் கூடாது. முக்கியமாக, அவள் மாமியார் பாப்பாத்தி கேட்கக் கூடாது.

அண்டா அவள் பிறந்த வீட்டுச் சீர். கழுத்துக்குக் கீழே அவள் பெயர் புள்ளிபுள்ளியாக வெட்டப்பட்டிருந்தது. போன புரட்டாசியில் இடஒதுக்கீடு கேட்டு ஊர் ஊராக மறியலில் இறங்கியபோது, கச்சிராயபாளையம் சாலையில் உட்கார்ந்தவர்களுக்குக் கஞ்சி காய்ச்ச ஏனம் தேவைப்பட்டது. அவள் கணவன் கொளஞ்சியப்பன் ஒரு நொடிகூட யோசிக்காமல் அண்டாவைத் தூக்கினான். கேட்டவர்க்கெல்லாம் கொடுப்பவன் அவன். கொடுத்ததைத் திருப்பிக் கேட்க மட்டும் வாய் வராது. அதனால்தான் அம்சவள்ளி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"மம்பட்டி போச்சு. ஏத்தக் கயிறு போச்சு. எங்கம்மா வூட்டு அண்டாவும் போச்சின்னா நீயும் இந்த வூட்டுக்கு வராத, சொல்லிட்டேன்."

"உம் பேரத்தான் ஊரு பூரா படிக்கிற மாதிரி வெட்டி வச்சிருக்கே. எவன் எடுத்துக்குவான்?" என்று சிரித்துக்கொண்டே போனான்.

மறியலின் நடுவே ஒரு மாலை போலீஸ் வண்டிகள் வந்தன. உட்கார்ந்திருந்தவர்கள் கரும்புத் தோட்டத்துக்குள் சிதறி ஓடினார்கள். கொளஞ்சியப்பனும் ஓடினான், பாதி வழியில் திரும்பினான். அடுப்பிலிருந்து அண்டாவை இறக்கிக் கஞ்சியைக் கொட்டி, துண்டை மடித்துப் போட்டுத் தோளில் ஏற்றிக்கொண்டு மதகுச் சுவர் மேல் நடந்ததைத் தூரத்திலிருந்து இருவர் பார்த்தார்கள். அதற்கு மேல் யாரும் பார்க்கவில்லை. இருட்டிய பின் டார்ச் லைட்டோடு போனவர்கள் மதகுக்குக் கீழே கருங்கல் மேல் அவனையும், அவனுக்குப் பக்கத்தில் அண்டாவையும் கண்டார்கள். கால் வழுக்கியதா, வேறு ஏதாவதா என்பது முடிவாகவே இல்லை. ஆனால் ஊருக்கு ஒரு வாக்கியம் கிடைத்திருந்தது: எல்லாரும் ஓடியபோது ஓடாமல் நின்றவன்.

காரியம் முடிந்த பிறகு நண்பர்கள் அண்டாவைக் கொண்டுவந்து வைத்தார்கள். இரவல் வாங்கிய ஏனத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்ற வழக்கப்படி உள்ளே கொஞ்சம் அரிசி போட்டிருந்தார்கள். அந்த அரிசியை உலையில் போட அம்சவள்ளியால் முடியவில்லை, குருவிகளுக்கு இறைத்துவிட்டாள்.

பாப்பாத்தி வாய் நீண்டவள். ஆனால் மகன் போன பின், அம்சவள்ளியை அழைத்துப் போக அவள் அண்ணன் வந்தபோது, "எம் மவன் வூட்ல அவளுக்கு இல்லாத பாத்தியமா? நீ காப்பியக் குடிச்சிட்டுக் கெளம்பு" என்றவள் அவள்தான். அன்றிலிருந்து இருவரும் ஒரே பாயில் படுத்தார்கள். அந்த வாய்க்கு, மகன் ஏன் திரும்பினான் என்பது தெரிந்துவிட்டால்? தன்னுடைய ஒரு சொல் அந்த வீட்டையும் அந்தப் பாயையும் தன்னிடமிருந்து பறித்துவிடும் என்று அம்சவள்ளி திடமாக நம்பினாள்.

ஆவணி பிறந்ததும் அரங்கநாதன் மறுபடி வந்தான்.

"இன்னா தங்கச்சி, முடிவு பண்ணியா? மதகாண்ட மேடை கட்டிக்கினு இருக்கோம். வருசா வருசம் நீயும் பெரியம்மாவும் வந்து மாலை போடணும்."

"குடுத்துடு அம்சா. நாலு பேரு பாக்கட்டும்" என்றாள் பாப்பாத்தி.

அம்சவள்ளி எண்ணிப் பார்த்தாள். வருசா வருசம் அந்த ஒடுக்குக்கு எதிரில் நிற்க வேண்டும். வருசா வருசம் யாராவது ஒரு சிறுபிள்ளை, 'எதுக்கு அண்டாவ எடுக்கப் போனாரு?' என்று கேட்கும்.

"இல்லண்ணே. ஒடுக்கு எடுத்துப் பொழங்கப் போறேன். அது சீரு."

"ஒடுக்கு போயிட்டா அப்புறம் அதுல இன்னா இருக்குது?" அரங்கநாதன் உண்மையாகவே திகைத்தான்.

மறுநாள் மாமியாரும் மருமகளும் ஆளுக்கொரு வளையத்தைப் பிடித்து அண்டாவை டவுன் பஸ்ஸில் ஏற்றினார்கள். வரமாட்டேன் என்று முனகிய பாப்பாத்தி, ஒருத்தியால் தூக்க முடியாது என்பதால் வந்தாள். மேற்கே கல்வராயன் மலையில் மேகம் இறங்கிக் கிடந்தது. மதகு வந்தபோது இருவருமே எதிர்ப்பக்கத்து ஜன்னலைப் பார்த்தார்கள்.

கள்ளக்குறிச்சியில் பாத்திரப் பட்டறைக்காரர் அண்டாவை உருட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, இதுமேல ஆனை ஏறி உக்காந்துச்சா?"

அவர்கள் முகத்தைப் பார்த்தவுடன் அவர் சிரிப்பை விழுங்கிக்கொண்டு, "எடைக்குப் போட்டா இப்பவே எடுத்துக்கிறேன். தட்டணும்னாலும் தட்டிக் குடுக்கிறேன்" என்றார்.

"தட்டுங்க" என்றாள் அம்சவள்ளி.

அவர் அண்டாவைக் கவிழ்த்து இரும்புக் கம்பத்தின் மேல் பொருத்தி, மரக் கொட்டாப்புளியை ஓங்கினார். முதல் அடி விழுவதற்குள் பாப்பாத்தி அண்டாவின் மேல் இரண்டு கைகளையும் விரித்து வைத்துவிட்டாள்.

"தட்டாதய்யா. செத்த இரு."

"கைய எடு ஆத்தா, நசுங்கிடப் போவுது."

அவள் அவரைப் பார்க்கவில்லை. மருமகளைப் பார்த்தாள். "அம்சா, அரங்கநாதங்கிட்டயே குடுத்துடலாம்டி. அங்க மாலையோட இருந்தா, எம் மவன் நின்னு செத்தான்னு இருக்கும். நானும் அப்பிடியே நம்பிக்கினு காலத்த ஓட்டிடுவேன்."

"இன்னா அத்த சொல்ற?"

"அன்னிக்கு மத்தியானம் மோர் எடுத்துக்கினு ரோட்டுக்குப் போனேன். வாய வச்சிக்கினு சும்மா இருந்தேனா? 'பொண்டாட்டி அண்டாவப் பத்திரமா பாத்துக்கடா, இல்லன்னா ராத்திரிக்குச் சோறு இல்ல'ன்னேன். அத்தினி ஆம்பளயும் சிரிச்சானுங்க. அப்புறம் பொழுதுக்கும் அவன 'டேய் அண்டா, டேய் அண்டா'ன்னே கூப்புட்டானுங்களாம்." அவள் குரல் உடைந்தது. "அந்த ரோசத்துலதான்டி திரும்பினான். பெத்த வாயாலயே அனுப்பி வச்சேன்."

அம்சவள்ளியின் உடம்பு முழுவதும் முதலில் ஒரு நிம்மதி பரவியது. அப்படியானால் அது என் சொல் இல்லை. பேசாமல் இருந்தால் போதும். அந்த வீடு, அந்தப் பாய், எல்லாம் தங்கும். கொட்டாப்புளியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற மனிதருக்கும் எதிரில் குலுங்குகிற கிழட்டுத் தோள்களுக்கும் நடுவில், அந்த நிம்மதியை அவள் நேருக்கு நேராகப் பார்த்தாள். தன்னைக் கண்டே அவளுக்கு அருவருத்தது.

"நீ இல்ல அத்த" என்றாள். "அண்டா இல்லாம வூட்டுக்கு வராதன்னு நான்தான் சொல்லி அனுப்பினேன். வெளையாட்டுக்கில்ல. நெசமாத்தான் சொன்னேன்."

பாப்பாத்தியின் கைகள் அண்டாவிலிருந்து மெல்ல நழுவின. வையவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. முந்தானையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பஸ் நிலையம் இருக்கும் திசையில் நடந்தாள். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

பட்டறைக்காரர் தொண்டையைச் செருமினார். "தட்டட்டுமாம்மா? இல்ல, எடைக்கா?"

எதற்காகத் தட்ட வேண்டும்? யாரிடமிருந்து மறைக்க? அதை மறைத்து யாரோடு வாழ நினைத்தாளோ, அவள் கூட்டத்துக்குள் போய்க்கொண்டிருந்தாள். எடைக்குப் போட்டால் அவன் தோள் சுமந்த கடைசிப் பாரம் உலையில் உருகிவிடும்.

"வாணாங்க. அப்பிடியே குடுத்துடுங்க."

அண்டாவை அவள் தனியாகவே இழுத்தாள். தலையில் ஏற்ற முடியவில்லை; இடுப்பில் நிற்கவில்லை. கடைவீதி நெடுக இரண்டு கைகளாலும் ஒரே வளையத்தைப் பிடித்து, பத்தடிக்கு ஒருமுறை வைத்து வைத்து எடுத்தாள். பஸ் நிலையத்தில் பாப்பாத்தி சிமெண்ட் பெஞ்சில் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அம்சவள்ளி அருகில் போகவில்லை.

பஸ் வந்தது. கூட்டம் முண்டியது. அண்டா படியில் இடித்துக்கொண்டு நின்றது.

"யம்மா, ஒத்த ஆளா இத ஏத்துவியா? வழிய வுடு" என்று கத்தினார் கண்டக்டர்.

பின்னாலிருந்து ஒரு கை வந்து மற்ற வளையத்தைப் பற்றியது. அம்சவள்ளிக்கு அது யார் கை என்று தெரிந்தது. அண்டா ஏறியது. பாப்பாத்தி முன்பக்கம் போய் நின்றுகொண்டாள். வழிநெடுக அவளுடைய முதுகை மட்டும் பார்த்தபடி வந்தாள் அம்சவள்ளி. அத்தை, ஒரு வார்த்தை திட்டிவிடு. மண்ணாய்ப் போ என்றாவது சொல்.

ஊர் நிறுத்தத்தில் அரங்கநாதன் சைக்கிளில் சாய்ந்து நின்றிருந்தான். ஒடுக்கு அப்படியே இருப்பதைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்தது.

"மனசு மாறிட்டீங்களா பெரியம்மா? நாளைக்கு வண்டி அனுப்பட்டுமா?"

இனி அந்த அண்டாவைப் பற்றிப் பேசத் தனக்கு என்ன உரிமை என்று அம்சவள்ளிக்குத் தெரியவில்லை.

"அனுப்பாத" என்றாள் பாப்பாத்தி. "அது எங்க வூட்டு ஏனம். அதுல தண்ணி புடிச்சி வைக்கணும்."

"இல்ல பெரியம்மா, கொளஞ்சியப்பன் பேரு..."

"எம் மவன் வழுக்கி வுழுந்துதான்டா செத்தான். போ."

அவன் போகும்வரை அசையாமல் நின்றாள். பிறகு குனிந்து வளையத்தைப் பிடித்து, மருமகள் மற்றதைப் பிடிப்பதற்காகக் காத்திருந்தாள். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அம்சவள்ளி பிடித்தாள். கரும்புக் காட்டுக்கு நடுவே வண்டிப்பாதையில், இடையில் அண்டா ஆடிக்கொண்டு வர, இருவரும் வீட்டை நோக்கி நடந்தார்கள்.