மூன்று மொட்டையும் ஒரு பொரியுருண்டையும்

தபீதாள் தன் தலைக்குத் தானே எண்ணெய் வைத்துக்கொண்டாள். நாலு வயதில் அவளுக்கு இருந்த சாமர்த்தியத்துக்கு அது பெரிய காரியமே இல்லை. ஆனால் அவள் வைத்துக்கொண்டது எண்ணெய் இல்லை, தார். திருப்பதியில் என் தம்பி குடியிருந்த தெருவில் அந்த மே மாதம் ரோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். வெயிலில் இளகி, பீப்பாயின் வாயோரம் கறுகறுவென்று வழிந்து நின்றதைப் பார்த்தவள், வீட்டு எண்ணெய்க் கிண்ணத்தைவிட இது நன்றாக மின்னுகிறதே என்று நினைத்திருக்கிறாள். தான் மட்டும் அழகாக இருந்தால் போதாது என்ற நல்ல மனசு வேறு. அண்ணன் நேசகுமாருக்கும் அக்கா ஞானமணிக்கும் வழித்து வழித்துத் தடவிவிட்டிருக்கிறாள். ஏழு வயதுப் பையனும் ஆறு வயதுப் பெண்ணும் தலையைக் குனிந்து காட்டிக்கொண்டு நின்றிருக்கிறார்கள். ஏண்டா என்று கேட்டதற்கு, "எப்படி இருக்கும்னு பாத்தோம்மா" என்றான் நேசகுமார்.

அந்தப் புத்தி என்னிடமிருந்து வந்தது, வேறு யாரைக் குறை சொல்ல. குடிபாலா பக்கத்தில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் என் வீட்டுக்காரர் இயேசுதாசன் வாத்தியார். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் நான் பார்த்த உலகம் பள்ளிக்கூடம், சர்ச்சு, பிள்ளை பெறப் போன சித்தூர் ஆஸ்பத்திரி, அவ்வளவுதான். எழுபத்து நாலாம் வருஷக் கோடை லீவில், உங்கள் சொந்தம் என் சொந்தம் எல்லாரையும் ஒரே சுற்றாகச் சுற்றிப் பார்த்துவிட்டு வருவோம் என்று ஒற்றைக்காலில் நின்றேன். மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டா என்றார். விட்டுவிட்டுப் போகத்தான் முடியுமா என்றேன். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு ஜமக்காளம், ஒரு கூஜாவுடன் கிளம்பினோம். இருபது நாள். ஞானமணி ஏறின பஸ்ஸிலெல்லாம் வாந்தி எடுத்தாள். நாராயணவனத்துக்கு மாட்டுவண்டியில் போகும்போது, மாடு மட்டும் நடந்துகொண்டே மூத்திரம் போகலாம், நான் மட்டும் ஏன் இறங்கி மறைவுக்குப் போக வேண்டும் என்று தபீதாள் வழக்குப் பேசினாள். புத்தூர் ஸ்டேஷனில் ரயில் எஞ்சினைத் தொட்டுப் பார்த்தே தீருவேன் என்று நேசகுமார் அடம்பிடித்ததில் வண்டியையே விட்டிருப்போம். எனக்கும் அவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒவ்வொரு ஊர் வரும்போதும் நானும் ஜன்னலில் கழுத்தை நீட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

திருப்பதி போய்ச் சேர்ந்த அன்று பொழுது சாய்கிற நேரத்தில் மலைமேல் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. அங்கே யார் இருக்கிறார்கள் என்று பிள்ளைகள் கேட்டார்கள். அது அவங்க கோயில் என்றார் இவர். உள்ளே எப்படி இருக்கும் என்று ஞானமணி கேட்டாள். இவர் கூஜாவில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டார். எனக்கும் தெரிந்துகொள்ள ஆசையாகத்தான் இருந்தது. நாற்பது மைலில் இருந்துகொண்டு எத்தனையோ தடவை வானத்தோரமாக அந்த மலையைப் பார்த்திருக்கிறேன். உபதேசியார் மகளாகப் பிறந்துவிட்டு அதை யாரிடம் போய்க் கேட்பது. கேட்கவில்லை.

தாரைத் தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்தோம், மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தோம். பிள்ளைகள் அழுததுதான் மிச்சம். முடியெல்லாம் கட்டிகட்டியாக ஒட்டிக்கொண்டு, சீப்பு உள்ளே போக மறுத்தது. கடைசியில் தெருமுனையில் இருந்த நாவிதரிடம் வரிசையாக உட்கார வைத்தோம். திருப்பதி நாவிதர், அவருக்கு நாங்கள் யார் எவர் என்று கேட்கிற வழக்கமெல்லாம் இல்லை. வழித்த கையோடு பக்கத்தில் இருந்த கிண்ணத்திலிருந்து மூன்று தலைக்கும் சந்தனத்தை அப்பிவிட்டார். நான் வேண்டாம் என்று சொல்ல வாய் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கழுவினேன். காதுக்குப் பின்னால் மஞ்சள் போகவே இல்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பள்ளிக்கூடத்தின் பெரிய வாத்தியார் அந்த மாதத்தோடு ரிடையர். அடுத்தது யார் என்று ஞாயிற்றுக்கிழமை சித்தூரில் சபைக் கமிட்டி கூடி முடிவு செய்யப் போகிறது. பதினோரு வருஷம் சர்வீஸ் போட்ட இவருக்குத்தான் வரும் என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கமிட்டியில் சுந்தர்சிங் ஐயா வைத்ததுதான் சட்டம். பக்கத்து வீட்டுப் பூஜையில் படைத்த சுண்டலைத் தின்றார் என்று ஒரு வாத்தியாரை மூன்று மாதம் நற்கருணை கொடுக்காமல் நிறுத்தி வைத்த மனிதர் அவர். ஒரு கைப்பிடிச் சுண்டலுக்கே அந்தப் பாடென்றால், திருப்பதியிலிருந்து மூன்று மொட்டையோடு போய் இறங்குகிற குடும்பத்துக்கு என்ன நடக்கும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது.

முடி வளர்கிற வரைக்கும் இங்கேயே இருந்துவிடலாமா என்றார் இவர். அதற்குள் நாற்காலியில் வேறு ஒருவர் உட்கார்ந்து அதைத் தேய்த்தே விட்டிருப்பார் என்றேன். எனக்குக் கோபம் அவர்மேல் இல்லை, என்மேல்தான். சும்மா இருந்த மனிதரை ஊர் சுற்ற இழுத்துவந்து பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டேனே. அவர் தன் பாணியில் ஒரு வழி கண்டுபிடித்தார். நாவிதர் கடைக்குத் திரும்பப் போய், தார் ஒட்டின முடியில் ஒரு பிடியைப் பொறுக்கி, செய்தித்தாளில் மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். "சாட்சி வேணும் சௌந்தரி" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் அது இருக்கிறது என்பதில் கொஞ்சம் தைரியமாகவும் இருந்தது.

சனிக்கிழமை காலை சித்தூர் பஸ் ஏறினோம். மூன்று தலைக்கும் துண்டு கட்டியிருந்தேன். அந்த வெயிலுக்கு எந்தப் பிள்ளை வைத்திருக்கும். சந்திரகிரி வருவதற்குள் மூன்று துண்டும் என் மடிக்கு வந்துவிட்டன. பஸ்ஸில் இருந்தவர்கள் பிள்ளைகளைப் பார்த்த பார்வையே மாறிப்போயிற்று. ஒருவர் எழுந்து ஞானமணிக்கு ஜன்னலோர இடம் கொடுத்தார். கண்டக்டர், தபீதாளின் தலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அடுத்த ஆளுக்கு டிக்கெட் கிழித்தான். தபீதாளுக்குப் பெருமை தாங்கவில்லை. தொட வருகிறவர்களுக்கெல்லாம் தலையை வாகாகச் சாய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

சந்திரகிரியில் ஏறின ஒரு அம்மா எங்கள் எதிர் சீட்டில் உட்கார்ந்தாள். ஐம்பது வயது இருக்கும். கையில் ஒரு தூக்குப்பாத்திரம், மாற்றுப்புடவை சுற்றின ஒரு மூட்டை. கொஞ்ச நேரம் பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் குனிந்தாள்.

"கொண்ட மேலேர்ந்து, சாமி மலைலேர்ந்து வர்றீங்களா தாயே? எம்பொண்ணு சித்தூரு ஆஸ்பத்திரில ரெண்டு நாளா வலி எடுத்துக்கினு கீது. இன்னும் பொறக்கல. பிரசாதம் இத்தினியூண்டு இருந்தா குடு."

நேசகுமாருக்கு மூன்று நாள் வலித்துப் பிழைத்தவள் நான். அவள் முகத்தைப் பார்த்தேன். இல்லைம்மா, நாங்கள் வேதக்காரர்கள், இது தார் செய்த வேலை என்று சொல்ல வேண்டும். சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் தபீதாள் டப்பாவில் கையை விட்டு, என் தம்பி மனைவி வழிக்குக் கட்டிக்கொடுத்த பொரியுருண்டையில் ஒன்றை எடுத்து நீட்டிவிட்டாள். யார் கேட்டாலும் கொடு என்று நான்தானே வளர்த்தேன். அந்த அம்மா இரண்டு கையாலும் வாங்கி இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். பாதியைப் பிட்டு மகளுக்கென்று முந்தானையில் முடிந்தாள். முடிச்சை இன்னொரு தரம் இறுக்கிக்கொண்டதை நான் பார்த்தேன். இவரும் பார்த்தார்.

பாகாலா கிராஸில் பஸ் நின்றது. குடையை ஊன்றிக்கொண்டு ஏறினவர் சுந்தர்சிங் ஐயா. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்பார்கள், எங்களுக்குத் தீர்ப்பே டிக்கெட் வாங்கிக்கொண்டு ஏறி வந்தது. இவர் பதறி எழுந்து இடம் கொடுத்தார். அவர் உட்காரவில்லை. ஒவ்வொரு மொட்டையாகப் பார்த்தார். தபீதாளின் காதுக்குப் பின்னால் இருந்த மஞ்சளை நின்று பார்த்தார்.

"இன்னா வாத்தியாரே இது?"

இவர் கை சட்டைப்பைக்குப் போனது. காகிதம் சரசரத்தது. சொல்லுங்களேன், சீக்கிரம் சொல்லித் தொலையுங்களேன் என்று என் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. இந்தப் பேச்சை அவர் மூன்று நாளாக ஒத்திகை பார்த்திருக்கிறார், எனக்கே மனப்பாடம். எதிர் சீட்டில் அந்த அம்மா, ஏதோ பெரியவர்கள் பேசுகிறார்கள் என்று மரியாதையாக எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தானை முடிச்சை ஒரு கை பிடித்தபடியே இருந்தது. தபீதாள், "தாரு..." என்று ஆரம்பித்தாள். நான் ஒரு பொரியுருண்டையை எடுத்து அவள் வாயில் அடைத்தேன். ஏன் அடைத்தேன் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன், பேசியிருந்தால் காரியம் முடிந்திருக்கும்.

இவர் பையிலிருந்து கையை வெறுமையாக எடுத்தார்.

"ஆமாங்க ஐயா. திருப்பதில அடிச்சோம்" என்றார்.

அவ்வளவுதான். இன்ஸ்பெக்டர் வந்தால் கரும்பலகையில் தன் பெயரையே தப்பாக எழுதுகிற மனிதர், சுந்தர்சிங் ஐயா தெருவில் வந்தால் செருப்பைக் கழற்றுகிற மனிதர். எனக்கு அந்த நிமிஷம் அவரை நாலு சாத்து சாத்தலாம் போலவும் இருந்தது, பிடித்துக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. ஐயாவின் முகம் கறுத்தது. நாளைக்குப் பேசிக்கொள்வோம் என்பதுபோல ஒரு தலையாட்டல். முன்பக்கம் போகத் திரும்பினார்.

அந்த அம்மா அவர் வழியை மறித்தாற்போல எழுந்தாள். கையில் மீதியிருந்த பாதியில் ஒரு துணுக்கைப் பிட்டு நீட்டினாள்.

"நல்ல மனசா வாயில போட்டுக்கோங்க பெரியவரே. எத்தினி பேரு துன்றாங்களோ அத்தினி நல்லது எம்பொண்ணுக்கு."

ஐயாவின் வலது கையில் குடை இருந்தது. அதை அவர் இடது கைக்கு மாற்றிக்கொண்டார். யோசித்துச் செய்த மாதிரி தெரியவில்லை. இந்தப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு, ஒரு பெண்பிள்ளை அப்படிக் கொடுக்கும்போது கை தானாக மாறிவிடும். வலது கை நீண்டது. துணுக்கு உள்ளங்கையில் விழுந்தது. அதற்குப் பிறகுதான் அவருக்கே தெரிந்தது போல, அதைக் குனிந்து பார்த்தார்.

டிரைவர் வண்டியை எடுத்தான். ஐயா கம்பியில் தோளைச் சாய்த்து நின்றார். பஸ் குலுங்கின குலுக்கலில் நாலைந்து பொரியும் கொஞ்சம் வெல்லமும் அந்தக் கையில் இங்கும் அங்கும் உருண்டன. ஒன்றுகூடக் கீழே விழாமல் அவர் விரல்களைக் குவித்துப் பிடித்திருந்தார். அந்த அம்மா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். தின்பாரா, மாட்டாரா என்று பார்க்க என் மூன்று பிள்ளைகளும் சீட்டின்மேல் ஏறி நின்று எட்டினார்கள். நானும் கழுத்தை நீட்டினேன்.