மணி எட்டும் தூரம்

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அந்த வீட்டுக் கூடம் வானொலி நிலையமாக மாறிவிடும். கேள்வி கேட்கும் நாத்தனார் சோபாவில் சம்மணமிட்டு மைக்கைப் பிடித்துக்கொள்வாள். அவளுடைய அண்ணி சாப்பாட்டு மேசையில் லேப்டாப்போடு உட்காருவாள். இருவரும் சேர்ந்து உருவாக்கியதுதான் அந்த வினாடி வினா ஆப். கேள்வியைக் கேட்டதும் யார் முதலில் போனில் மணியை அழுத்துகிறாரோ, அவருக்கே போன் வழியே பதில் சொல்லும் வாய்ப்பு; அது எல்லாருக்கும் கேட்கும். கேள்வி நாத்தனார் பாடு. நிரல் எழுதுவது அண்ணி பாடு. நாத்தனார் வாய்க்கு வாய் 'அண்ணி, அண்ணி' என்று கூப்பிட்டதில், உலகம் முழுக்க இருந்த ஆட்டக்காரர்களுக்கும் அவள் அண்ணியாகவே ஆகிவிட்டாள்.

வாராவாரம் ஜெயிப்பவன் 'மின்னல்'. வேறு யாருமில்லை, அண்ணியின் கணவன்தான். மருந்துக்கடை வைத்திருந்தான். படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஆடுவான்; ஜெயித்ததும் கதவைத் திறந்து, மார்பை நிமிர்த்திக்கொண்டு வருவான்.

வாராவாரம் தோற்பவர் 'ஆமை'. அவர் தென்கோடித் தீவு ஒன்றில் ரொட்டிக்கடை நடத்துபவர். அந்தப் பெயரை அவரே தனக்கு வைத்துக்கொண்டார். ஒருநாள் அவரிடமிருந்து செய்தி வந்தது: "அண்ணி, பதில் எல்லாமே தெரியுது. நான் அழுத்தறதுக்குள்ள யாராவது முந்திடறாங்க. எனக்குக் கை நீளம் பத்தல போல."

அண்ணிக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் மனது கேட்கவில்லை. பழைய ஆட்டங்களைத் தோண்டிப் பார்த்தாள். பார்க்கப் பார்க்கச் சிரிப்பு நின்றுவிட்டது. ஆமை தாமதமாக அழுத்தவே இல்லை. யார் மணி முதலில் வந்தது என்று கணக்கிடும் சர்வர் இருந்தது இவர்கள் ஊரிலேயே. மின்னல் அழுத்தியது தெருமுனைக்குப் போவதுபோலப் போய்ச் சேர்ந்தது. ஆமை அழுத்தியதோ ஏழு கடல் தாண்டி மூச்சிரைக்க வந்தது.

"அப்ப இத்தனை நாளும் நாம நடத்தினது போட்டியே இல்லையா அண்ணி?" என்றாள் நாத்தனார். "எங்கண்ணனுக்குப் பட்டாபிஷேகம்தானா?"

"அப்படித்தான் ஆயிருக்கு."

"யாரு எப்ப அழுத்தினாங்கன்னு அவங்கவங்க போனே சொல்லட்டுமே?"

"போன்ல நேரத்தை மாத்தி வச்சுக்கலாம். அது சொல்றத நம்பினா, ஏமாத்தறவங்களுக்குக் கொண்டாட்டம். சர்வரைத்தான் இடம் மாத்தணும்."

நாத்தனார் உலக வரைபடத்தைத் தரையில் விரித்தாள். தையல் டப்பாவிலிருந்து சட்டைப் பொத்தான்களை எடுத்து, ஆட்டக்காரர்கள் இருக்கும் ஊர்கள்மேல் வைத்தாள். பிறகு எல்லாவற்றுக்கும் நடுவில் விரலை ஊன்றினாள். விரல் கடலில் நின்றது.

"இங்க வச்சிடலாம்."

"மீனுங்க பாத்துக்குமா?"

முதலில், பொத்தான்கள் அதிகம் குவிந்திருந்த ஊரில் ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்துச் சோதித்தார்கள். பெரும்பாலானவர்களுக்கு வேகம் கூடியது. ஆமை மட்டும் பின்தங்கியே இருந்தார். அடுத்து, வரைபடத்தில் நடுவாகத் தெரிந்த ஊர். அங்கே எல்லாருமே தாமதமானார்கள்.

"படத்துல கைக்கெட்டுற தூரத்துலதானே இருக்கு!" என்று நாத்தனார் வரைபடத்தைக் கோபமாகத் தட்டினாள்.

"படத்துல கிட்ட. கடலுக்கடியில இன்டர்நெட் கேபிள் அப்படிப் போகலயே. வேற கரைக்குப் போய், சுத்தோ சுத்துன்னு சுத்திட்டுல்ல அந்த ஊருக்கு வருது."

அதன்பிறகு ஊர்களை விட்டுவிட்டுக் கடலடிக் கேபிள்களைத் தேடினார்கள். பல கேபிள்கள் ஒன்றாகக் கரையேறும் துறைமுக நகரம் ஒன்று அகப்பட்டது. அங்கே சோதித்தபோது யாருமே பிரமாதமான வேகத்தில் வரவில்லை. ஆனால் முதலில் வந்தவருக்கும் கடைசியில் வந்தவருக்கும் இடையே இருந்த பெரிய இடைவெளி சுருங்கிப் போயிருந்தது. அண்ணி லேப்டாப்பை அப்படியே விட்டுவிட்டு நாத்தனாரின் கைகளைப் பிடித்துச் சுற்றினாள். காலடியில் பொத்தான்கள் குத்த, இருவரும் "ஆ, ஆ" என்று கத்திக்கொண்டே சுற்றினார்கள்.

சாப்பிடும்போது அண்ணி மெதுவாக ஆரம்பித்தாள். "ஏங்க, சர்வரை மாத்தப் போறோம்."

"நல்லது. எங்க?"

சொன்னாள். அவன் மெல்லுவதை நிறுத்தினான்.

"அப்ப எனக்கு?"

"எல்லாருக்கும் எப்படியோ, அப்படித்தான் உங்களுக்கும்."

"கட்டின புருஷன் காலையே வாரி விடறியா?"

"ஏன், உங்களுக்குப் பதில் தெரியாதா என்ன?"

அவனுக்குச் சுருக்கென்றது. "வரச் சொல்லு உன் ஆமையை!"

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆமை வந்தார். முதல் கேள்வியிலேயே அவர் மணி அடித்தது. அடுத்தது மின்னலுக்கு. அதற்கடுத்தது லாரி ஓட்டும் இன்னொரு ஆட்டக்காரருக்கு. பிறகு மறுபடி ஆமை. கடைசிக் கேள்வி வந்தபோது ஆமையும் மின்னலும் சரிக்குச் சரி நின்றார்கள்.

"மூன்று இதயம், நீல ரத்..."

மணி அடித்துவிட்டது. ஆமையின் மணி.

"ஆக்டோபஸ்!"

"சரியான விடை!" என்று நாத்தனார் கத்தினாள். ஆனால் அவள் குரல் யார் காதிலும் விழுந்திருக்காது. மறுமுனையில் தட்டுகள் அடிபடும் சத்தம் காதைப் பிளந்தது. கடை ஆட்கள் எல்லாரும் ரொட்டித் தட்டுகளைத் தூக்கித் தட்டிக்கொண்டிருந்தார்கள். இத்தனை வாரமும் அவர் தோற்பதை அத்தனை பேரும் சுற்றி நின்று பார்த்திருக்கிறார்கள்!

படுக்கையறைக் கதவு உடனே திறக்கவில்லை. அண்ணியும் நாத்தனாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கதவு திறந்ததும் அவன் நேராக வந்து தங்கையிடமிருந்து மைக்கை வாங்கினான்.

"ஐயா, மின்னல் பேசறேன். அரை வாக்கியத்துலயே அழுத்திட்டீங்களே! என் விரல் அப்பதான் கிளம்புச்சு."

"தம்பி, உங்ககிட்ட தோத்துத் தோத்துத்தான் விரலுக்கு வேகமே வந்துச்சு," என்றார் ஆமை. சொல்லிவிட்டுச் சிரித்தார். "கடையில இன்னிக்கு வர்ற எல்லாருக்கும் இனிப்பு ரொட்டி இலவசம்."

"இப்படி ஆசை காட்டினா, தூரத்துல இருக்கிற நாங்க என்ன பண்றது?" என்று ஆட்டக்காரர் ஒருவர் எங்கிருந்தோ குறுக்கிட்டார்.

நாத்தனார் மைக்கைப் பிடுங்கிக்கொண்டாள். "எல்லாரும் ரெடியா இருங்க. நான் சொன்னதும் அவருக்காக ஒரு மணி. ம், இப்போ!"

அந்தச் சின்னக் கூடத்துக்குள் மணிகள் ஒரே கொத்தாக வந்து கொட்டின. எது பக்கத்துத் தெருவிலிருந்து வந்தது, எது உலகத்தின் மறுகோடியிலிருந்து வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அண்ணி திரையைப் பார்க்காமல் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு ஆட்டம் போடலாமா?" என்று கேட்டான் கணவன். கேட்டுக்கொண்டே சாப்பாட்டு மேசையில் அவளுக்குப் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டான்.