ஒரு எட்டு குறைகிறது

1
இந்தக் கதை எனக்கு ஓர் எண்ணாகத்தான் கிடைத்தது: 12345679. அச்சுப்பிழை என்று நினைத்து எட்டைச் சேர்த்துவிடாதீர்கள். முதல் படியில் நானே சேர்த்துக் கதையைக் கெடுத்துக்கொண்டேன்.

2
கிள்ளானில் அன்று காலை மழை பிடித்துக்கொள்ள, ரோகிணி மாடியில் காய்ந்த துணியை (வேண்டாம். மழையில் தொடங்கும் கதைகள் போதும்.)

தெரியாத யாரோ ரோகிணியின் கைப்பேசிக்கு அந்த எண்ணை அனுப்பியிருந்தார்கள். வேறு ஒரு சொல்கூட இல்லை.

“ஸ்கேம் லா. தொட்டுடாத,” என்றார் கணவர் தம்புசாமி.

3
அவளுக்கோ அது எங்கோ பார்த்த முகமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்த மாதவி!

“உனக்குப் புடிச்ச நம்பர் என்னடி?”

“ஏழு.”

“ஏழை ஒம்பதால பெருக்கு. அறுபத்து மூணா? அதால இந்த நம்பரப் பெருக்கு.”

வந்தது 777777777. கால்குலேட்டரில் எட்டு இலக்கத்துக்குத்தான் இடம். அது திணறி ‘E’ காட்டும். கையால்தான் பெருக்க வேண்டும். அந்தக் காலம் எவ்வளவு நல்ல காலம்!

4
(கணக்கு பிடிக்காதவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். ஒன்றை 81-ஆல் வகுத்தால் புள்ளிக்குப் பிறகு 012345679 என்றே திரும்பத் திரும்ப வரும். எவ்வளவு தூரம் போனாலும் எட்டு வராது.)

5
மாதவியை முதலில் சாகடித்தேன். பிறகு இருவருக்கும் சண்டை மூட்டிப் பார்த்தேன். இரண்டும் ஒட்டவில்லை. உண்மையில் சண்டையே இல்லை. கல்யாணமாகி பிரிக்ஃபீல்ட்ஸ் போன மாதவி, ரயிலேறும்போது, “லீவு கெடைச்சா ஒரு எட்டு வந்துட்டுப் போடி,” என்றாள். ஒரு மணி நேரப் பயணம். பிள்ளைகள், வேலை, நாளைக்குப் பார்க்கலாம் என்று ரோகிணி போகவே இல்லை.

6
“இதுல ஒரு எட்டு கொறையுது,” என்று வாய்விட்டுச் சொன்னாள் ரோகிணி. சொன்னதைத் தன் காதாலேயே கேட்டதும் சட்டென்று எழுந்துவிட்டாள்.

“என்னாச்சு?” என்றார் தம்புசாமி.

“ஸ்கேம் இல்லைங்க. மாதவி கூப்புடுறா.”

செய்தி வந்த கைப்பேசிக்கே அழைத்தாள்.

“ஞாயித்துக்கெழம ப்ளேன் ஏறி பெர்த்துக்குப் போறேன்டி, மக வீட்டுக்கு. இனி அங்கதான்.”

“வான்னு வாயத் தொறந்து சொன்னா என்னடி?”

“அன்னைக்கே சொன்னேனே.”

7
முடிவுகள் இரண்டு எழுதினேன். ஒன்றில், தண்டவாள வேலை நடப்பதால் ரயில் நடுவழியில் நின்றுவிடுகிறது. இன்னொன்றில், மெலிந்துபோன மாதவி கதவைத் திறக்கிறாள், உடனே ரோகிணி

இரண்டையும் அடித்துவிட்டேன். இன்று சனிக்கிழமை. ரோகிணி செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கிறாள்.

9
எட்டாவது பகுதியை நான் எழுதவில்லை. அது ரோகிணி போய்ச் சேர வேண்டிய வீடு. நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். உங்களுக்கும் அப்படி ஒரு வீடு இருந்தால், முதலில் அங்கே ஒரு எட்டு போய்விட்டு வாருங்கள். கதை காத்திருக்கும். மாதவிக்கு நாளைக்கு விமானம்.