குளித்த கற்கள்

வெளிமாநிலத்துத் தொழிற்பேட்டையான போசரியில் கல், செங்கல், சிமெண்டை நசுக்கிப் பார்த்துச் சான்றிதழ் தரும் சோதனைக்கூடம் ஒன்றில் பாமாவுக்கு வேலை. நிரந்தரமா இல்லையா என்பதை வெள்ளிக்கிழமை சொல்வதாக மேலாளர் ரவிசந்திரன் சொல்லியிருந்தார். பாமா இயற்பியல் பட்டதாரி. பேச வேண்டிய இடங்களில் தலையை ஆட்டியே சமாளித்துவந்தாள்.

ஆயுத பூஜைக்கு மறுநாள், புதன்கிழமை, சுண்ணாம்புக்கல் சோதனை. குவாரிக்காரர் ஜக்தாப் நேரிலேயே வந்திருந்தார். நீரில் ஊறவைத்த கற்களை முன்பே உடைத்தாயிற்று. நீர் புகுந்தால் சுண்ணாம்புக்கல் வலு குறையும். காய்ந்த கல் அதைவிட நிறையத் தாங்க வேண்டும். அந்தக் கற்களைப் பாமாதான் ஓவனில் காயவைத்து மேசையில் அடுக்கிவிட்டுப் பூஜை லீவில் போய், இன்றுதான் திரும்பியிருந்தாள்.

மிஷின் ஓட்டும் இருதயராஜ் முதல் கல்லை வைத்தார். அழுத்தம் காட்டும் முள் பாதிகூட ஏறவில்லை. கல் சத்தமில்லாமல் பிளந்தது.

"க்யா மேடம், மேரா பத்தர் பிஸ்கட் ஹை க்யா?" என்றார் ஜக்தாப். அவர் கல் என்ன பிஸ்கட்டா என்று கேள்வி.

"ஓவனைப் போட்டியா, போட்டதா நெனச்சுக்கிட்டியா?" என்றார் ரவிசந்திரன்.

பாமா துண்டுகளைத் தொட்டாள். உள்ளே ஈரம். வெளியே மஞ்சள் கறை.

"அண்ணா, மஞ்சள் யாரு வெச்சது?"

"நான்தாம்மா," என்றார் இருதயராஜ். "பூஜாவுக்கு மிஷின், தராசு எல்லாம் கழுவினேன். கல்லை மட்டும் விட்டா நல்லாவா இருக்கும்? பால்டித் தண்ணியில ஊறப்போட்டு இன்னிக்குக் காலையிலதான் தொடச்சு வெச்சேன்."

"யோவ், நீ சர்ச்சுக்குப் போற ஆளு!" என்றார் ரவிசந்திரன்.

"அதுக்கென்ன சார்? பூஜா ஆபீஸோடது."

ரவிசந்திரன் பாமாவிடம் குனிந்தார். "இதை வெளிய சொன்னா மானம் போயிடும். கல்லு சரியில்லன்னு எழுதிக் கையெழுத்துப் போடு."

பாமா முதல்முறையாகத் தலையை ஆட்டவில்லை. ஜக்தாப் பக்கம் திரும்பினாள்.

"பத்தர் நஹாயா, சார். சுகானா ஹை. தோ தின் பாத் ஆயியே."

கல் குளித்துவிட்டது, காயவைக்க வேண்டும், இரண்டு நாள் கழித்து வாருங்கள். அவளுக்குத் தெரிந்த ஹிந்தி அநேகமாக அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை, மறுபடி காயவைத்த மற்ற கற்கள் முள்ளை உச்சிவரை ஏற்றிவிட்டு வெடிபோல் உடைந்தன. ஜக்தாப் அந்தச் சத்தத்தில் தன் சட்டையில் டீயைக் கொட்டிக்கொண்டு, மிகவும் திருப்தியாகப் போனார்.

"வேலை உனக்குத்தான்," என்றார் ரவிசந்திரன். "ஆனா கஸ்டமர்கிட்ட இப்படிப் பேசக் கூடாது."

பாமா தலையை ஆட்டினாள்.

அடுத்த ஆயுத பூஜைக்குக் கற்களை ஓவனுக்குள்ளேயே வைத்துப் பூட்டிச் சாவியை வீட்டுக்குக் கொண்டுபோனாள். திரும்பி வந்தபோது பூட்டுக்குக் குங்குமம் வைத்திருந்தது.