இருபத்தெட்டா, ஒன்றா?

ரெட்டியார்பாளையத்தில், ஒரு மாடி அறையில் நாலு கம்ப்யூட்டர் போட்டு நடக்கும் கம்பெனி எங்களுடையது. 2007-இல் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு நான் புரோகிராம் எழுதினேன். கண் பரிசோதனைச் சீட்டில் வாடிக்கையாளரின் வயது வர வேண்டும். ஒரு வயது கூடும் நாளில் கடை செல்போனிலிருந்து வாழ்த்து எஸ்எம்எஸ் போக வேண்டும். அவ்வளவுதான் வேலை.

பிப்ரவரி 29-இல் பிறந்தவர்களை என்ன செய்வது? கடைப் பட்டியலில் தேடினேன். நாலாயிரம் பேரில் ஒரே ஒருவர். ஹரிகிருஷ்ணன், 29-02-1980, காலாப்பட்டு.

காலாப்பட்டு யுனிவர்சிட்டியில் என்னோடு எம்சிஏ படித்த ஹரிதான். சென்னைக்குப் போனவன், எப்போது திரும்பி வந்தான்?

லீப் இல்லாத வருடங்களில் அவன் பிறந்தநாள் எங்களுக்குள் பெரிய ரகளை. "இருபத்தெட்டு முடிஞ்சப்புறம்தான பொறந்தேன்? அப்ப மார்ச் ஒண்ணு" என்பான். பிப்ரவரியில் பிறந்தவனுக்கு மார்ச்சில் என்ன கொண்டாட்டம் என்பேன் நான். கடைசி வருடம் இருபத்தெட்டாம் தேதியே கேக்கோடு போய் நின்றேன். அவன் கத்தியைத் தொடவில்லை.

"என் பொறந்தநாள்ல கூட நீ சொல்றதுதான் ஜெயிக்கணுமா, சுமலதா? உன்கூட எப்படிக் காலம் தள்றது?"

"தள்ள வேணாம், போ" என்றேன். போய்விட்டான். அந்த ஒரு வார்த்தையை ஐந்து வருடமாக விழுங்கப் பார்க்கிறேன், முடியவில்லை. நம்பர் இதோ திரையில் இருக்கிறது. கூப்பிட வாய் எழவில்லை. வாழ்த்தில் என் பெயர் இருக்காது; ஆனாலும் இந்த ஒரு தடவையாவது அவனுக்கு விட்டுக்கொடுத்தால் போதும் என்றிருந்தது. மார்ச் ஒன்று என்று எழுதினேன்.

கடைக்காரர் ஜானகிராமன் ஒப்புக்கொள்ளவில்லை. "லேட்டா வாழ்த்து சொன்னா யாரும்மா ரசிப்பாங்க? இருபத்தெட்டுன்னு மாத்திடு."

"அதுக்கு முன்னாடி அவருக்கு வயசு முடியாது சார். தப்பா போடச் சொல்றீங்களா?" என்று சண்டைக்கே போய்விட்டேன். ஹரிக்காக ஹரி பேசுவதையே பேசினேன்.

மார்ச் ஒன்று காலை வாழ்த்து போயிற்று. மத்தியானம் ஜானகிராமன் போன் செய்தார்.

"நான்தான் அப்பவே சொன்னேனே! கஸ்டமரே பதில் போட்டிருக்காரு, கேளு. 'நன்றி. ஆனால் அஞ்சு வருஷமா நான் இருபத்தெட்டாம் தேதிதான் கேக் வெட்டுகிறேன்.' இப்பவாவது மாத்துவியா?"

எதிரே திரை கலங்கித் தெரிந்தது. நேற்று முழுக்க ஒன்றாம் தேதிக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தேன்.

"மாத்திடறேன் சார்."

"அடுத்த வருஷம் கரெக்டா இருபத்தெட்டுக்குப் போயிடணும்."

"அடுத்த வருஷம் இருபத்தொம்பது இருக்கு சார்" என்றேன். "அன்னிக்கு அவரை நானே கூப்பிட்டுச் சொல்லிடறேன்."